துரையின் இரண்டு தோணிகள்

ஏரிக்கரையில் வாடகைக்கு வீடு பிடிக்கப் போகிறவர்கள் செய்கிற முதல் தவறு, வீட்டைப் பார்ப்பது. வீட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இன்ஸ்பெக்டர் ஐயா. அது எங்கும் ஓடிப்போகாது. முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது, கரையில் சேறா மணலா, தோணியை இறக்க இரண்டு ஆள் வேண்டுமா அல்லது ஒருவரே இழுத்துவிடலாமா, வெயில் சாய்கிற நேரத்தில் படித்துறையில் நிழல் விழுகிறதா, இதையெல்லாம் பார்த்து முடித்தபின் கூரையை அண்ணாந்து பார்த்தால் போதும். கூரை ஒழுகினால் ஓடு மாற்றலாம். ஏரி சரியில்லை என்றால் ஏரியை மாற்ற முடியாது.

நீங்கள் கேட்டது இதையல்ல என்று எனக்குத் தெரியும். விட்மோர் துரை ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்திருக்கிறார். மலாக்கா ஊருக்கு வெளியே ஆயர் குரோ ஏரிக்கரைப் பங்களாவில் விட்டுப்போன இரண்டு தோணிகளைக் காணோம் என்று புகார் கொடுத்திருக்கிறார். ஒன்று பலகையில் செய்த கனூ. இன்னொன்று கான்வாஸ் துணி போர்த்திய கயாக், ஒருவர் மட்டும் உட்காரும் சாமான். நிறம், நீளம், எந்த ஊரில் வாங்கியது என்பதெல்லாம் புகாரில் இருக்கிறதாம். ஜப்பான்காரன் போய் இன்னும் சுவரில் ஒட்டிய காகிதம்கூடக் கிழியவில்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிறு ஊதிக் கிடந்த ஊரில் எத்தனையோ பேரைக் காணோம். முதல் விசாரணை தோணிக்கு. நான் குறையாகச் சொல்லவில்லை. எங்கேயாவது ஓர் இடத்தில் தொடங்கத்தானே வேண்டும்.

தேத்தண்ணிக்கு நன்றி. சீனி போட்டுக் குடித்து வெகு நாளாயிற்று. இரண்டு தோணியும் எங்கே என்று சொல்லிவிடுகிறேன். ஆனால் கொஞ்சம் முன்னாலிருந்து வர வேண்டும்.

என் பெயர் நாகூர் மீரான். வீடு காஜா பெராங்கில். அக்கம்பக்கத்தில் எல்லாரும் மலாக்கா செட்டிமார். சாமி நம்மூர்ச் சாமி, பேச்சு மலாய். அவர்களிடம் மலாயில் பேசுவேன், பசாரில் தமிழில் பேசுவேன், துரைமாரிடம் தலையாட்டுவேன். வீட்டுத் தரகனுக்கு இந்த மூன்று பாஷை போதும். ஜப்பான்காரர்கள் வந்தபின் நான்காவதாகக் குனியக் கற்றுக்கொண்டேன். அது சுலபமான பாஷை, இலக்கணமே கிடையாது.

சண்டைக்கு முன்னால் துரைமாருக்கு விடுமுறை வீடு பிடித்துக் கொடுப்பேன். வாரம் பூராவும் ரப்பர் பால் எடுக்கிற கித்தா தோட்டத்தில் கூலிகளை விரட்டிக் களைத்துப்போவார்கள், பாவம். சனிக்கிழமை வந்தால் தண்ணீருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும், தோணி விட வேண்டும். ஒரு கரையிலிருந்து எதிர்க்கரைக்குப் போவார்கள். அங்கே ஒரு வேலையும் இருக்காது. திரும்பி வருவார்கள். வந்து, அருமையான நாள் என்று சொல்லிக்கொண்டு சாராயம் குடிப்பார்கள். இதை நான் கேலி செய்யவில்லை. எனக்கும் அப்படி ஒரு தடவை போய்விட்டு வரவேண்டும் என்று இருந்தது.

விட்மோர் துரையின் பங்களாவுக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். அவர் ஊரில் இல்லாத மாதங்களில் வாடகைக்கு ஆள் பிடித்துத் தந்தவன் நான்தான். ஆனால் பின்கட்டுப் படிக்கு மேலே ஏறியதில்லை. அங்கே நின்று பார்த்தால் கூடம் வழியாக முன் வராந்தா தெரியும், வராந்தாவுக்கு அப்பால் ஏரி தெரியும். நடுவில் துரை தெரிவார். ஒரு நாள் கயாக்கை வெயிலில் காயவைத்திருந்தார்கள். அந்தத் துணி எப்படி இருக்கும் என்று விரலால் தொட்டுப் பார்த்தேன். தொடாதே என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நாயைச் சொல்வார்களே, அந்த மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

எனக்கு அதில் மனக்குறை ஒன்றுமில்லை. நீங்கள் அப்படி எழுதிக்கொள்ள வேண்டாம்.

பிறகு சண்டை வந்தது. துரை காரில் ஏறிச் சிங்கப்பூருக்குப் போனார். தோணிகள் காரில் ஏறாது. அதனால் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி சேதுபதியைக் கூப்பிட்டு, வீட்டையும் தோணிகளையும் பார்த்துக்கொள், நான் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சேதுபதியும் சரி என்றார். மனைவி பொன்னம்மாவோடு பங்களாவிலேயே குடி வந்தார். துரையின் கட்டிலில் படுக்கவில்லை, துரையின் நாற்காலியில் உட்காரவில்லை. பின்கட்டு அறையில் பாயைப் போட்டுக்கொண்டார்கள். கனூவுக்கு மாதம் தவறாமல் எண்ணெய் பூசினார். உலகத்தில் இப்படியும் மனிதர்கள் இருந்தார்கள் என்று தெரிவதற்காகச் சொல்கிறேன்.

துரையின் புகாரில் சேதுபதி பெயர் இருக்கிறதா? இல்லையா. சரி, மேலே சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில் மொரிதா என்று ஒரு ஜப்பான் அதிகாரி மலாக்காவுக்கு வந்தார். கண்ணாடி போட்ட, மெல்லிய மனிதர். காலேஜில் படிக்கும்போது படகுப் போட்டியில் துடுப்புப் போட்டவராம். என்னை வரவழைத்தார். அந்த வாரம்தான் அவர்கள் லாரி லாரியாக ஆட்களை அள்ளிச் சயாமில் ரயில் பாதை போட அனுப்பிக்கொண்டிருந்தார்கள். போனால், மனிதர் காகிதத்தில் பென்சிலால் ஒரு தோணி வரைந்து காட்டுகிறார். நல்ல தண்ணீர், நல்ல வீடு, மாதத்தில் இரண்டு நாள் ஓய்வு. அவ்வளவுதான் அவர் கேட்டது. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். குடியிருக்கிற வீடு வேண்டாம், குடும்பங்களைக் கிளப்பிவிட்டு அவர் ஓய்வெடுக்க விரும்பவில்லை என்று மொழிபெயர்ப்பாளன் மலாயில் சொன்னான். லாரி விஷயம் வேறு இலாகா போலிருக்கிறது. வீட்டு விஷயத்தில் அவர் பண்பானவர்.

முதலில் தெங்கேராவில் ஒரு வீட்டைக் காட்டினேன். கடலைப் பார்த்த வீடு. காற்றென்றால் அப்படி ஒரு காற்று. ஆனால் தண்ணீர் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு, நாற்றம் குடலைப் பிடுங்கும். ஏறினால் அலை. கடலில் தோணி விடுவது பிழைப்பு, அது விடுமுறை ஆகாது. அதை நானே தள்ளிவிட்டேன்.

அடுத்தது புக்கிட் ரம்பாயில். மண் வெட்டி எடுத்த பெரிய பள்ளத்தில் தண்ணீர் நின்று குளமாகியிருந்தது. கரையில் ஒரு சீன முதலாளி, தௌக்கே என்பார்களே, அவருடைய வீடு. தௌக்கே குடும்பத்தோடு எங்கோ போய்விட்டார். பூட்டிக் கிடந்தது, கூரை நல்ல கூரை, ஒருவருக்கும் தொந்தரவில்லை. மொரிதா கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தார், ஒரு கல்லை விட்டெறிந்தார், சிரித்தார். இதுவே போதும் என்றார்.

இந்த இடத்தை நீங்கள் கவனமாக எழுதிக்கொள்ள வேண்டும். அவர் போதும் என்றார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

தொழிலில் ஒரு சுத்தம் வேண்டும், ஐயா. வாடிக்கையாளர் போதும் என்றதும் கும்பிட்டுவிட்டுப் போகிறவன் தரகன் இல்லை, கைகாட்டி மரம். அந்தக் குளத்துத் தண்ணீர் கலங்கல். காற்று நுழையாது. நாலு துடுப்புப் போட்டால் எதிர்க்கரை. அதில் தோணி விட்டால் தொட்டிக்குள் சுற்றுகிற மாதிரி இருக்கும். ஆயர் குரோ ஏரியைப் பார்த்தவனுக்கு அதை ஏரி என்று சொல்ல நாக்கு வருமா? நான் மெல்லக் குனிந்து, இதைவிட மேலான ஒன்று இருக்கிறது, தோணிகளோடு இருக்கிறது, கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்றேன். காலியாக இருக்கிறதா என்று கேட்டார். காலியாகிவிடும் என்றேன்.

காலி செய்ய நான் முதலில் நியாயமான வழியைத்தான் பார்த்தேன். சைக்கிளை மிதித்துக்கொண்டு ஆயர் குரோவுக்குப் போனேன். சேதுபதி வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல என்னை நானா என்றுதான் கூப்பிடுவார்.

"கிராணியாரே, புக்கிட் ரம்பாயில ஒரு நல்ல வீடு சும்மா கிடக்கு. ஆள் நடமாட்டம் உள்ள இடம். இந்தக் காட்டுக்குள்ள ஏன் தனியா கிடக்குறீங்க?"

"அங்க போனா தோணியை யார் பார்ப்பா நானா?"

"தோணியைப் பார்த்து என்ன ஆகப்போகுது? துரை உயிரோட இருக்காரோ இல்லியோ."

"வந்துடுவேன்னு சொல்லிட்டுப் போயிருக்காருல்ல. வந்து கேட்டா நான் என்ன முகத்தோட நிக்கிறது?"

பொன்னம்மா உள்ளேயிருந்து கிழங்கு வடை கொண்டுவந்து வைத்தாள். அவளுக்குத் திருவையாற்றுப் பக்கம். நாகூரில் பிறந்தவன் என்பதால் என்னைத் தன் ஊர்க்காரன் என்றே வைத்துக்கொண்டாள். அண்ணே என்பாள். "இந்தத் தண்ணிய தினம் பார்த்துக்கிட்டிருந்தா எனக்குக் காவேரிக் கரையிலயே இருக்கிற மாதிரி இருக்கு அண்ணே. வேற எங்கயும் வேணாம்" என்றாள். வடை நன்றாக இருந்தது. உப்புதான் இல்லை. அப்போது யாரிடமும் உப்பு இல்லை.

இதற்குமேல் நான் என்ன செய்ய முடியும்? நல்லபடியாகச் சொல்லிப் பார்த்தாயிற்று. ஒருவருக்கு நல்லது சொல்லி அவர் கேட்கவில்லை என்றால், அதற்குப் பிறகு நடப்பதற்கு நாம் பொறுப்பாளி ஆக மாட்டோம். அப்படித்தான் நான் அன்று மிதித்துக்கொண்டு திரும்பும்போது நினைத்தேன். இன்றைக்கும் அதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த தடவை போனபோது பொன்னம்மாவே வாயெடுத்தாள். ஆடி பிறந்துவிட்டதா என்று கேட்டாள்.

உங்களுக்கு இது விளங்க வேண்டும். இந்துக்களுக்கு நாளும் கிழமையும் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. பஞ்சாங்கம் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வரும். கப்பல் நின்று வருஷம் ஒன்றுக்கு மேலாகியிருந்தது. சேதுபதிக்கு இங்கிலீஷ் தேதி தெரியும், சம்பள நாள் தெரியும். தமிழ் மாதத்தைப் பெண்டாட்டி பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்ட மனிதர். காட்டுக்குள் பக்கத்து வீடு கிடையாது, கேட்க ஆள் கிடையாது. அதனால் அவள் என்னைக் கேட்டாள். நான் துலுக்கன்தான், ஆனால் ஆற்றுப்பாசனத்து ஊரில் பிறந்து வளர்ந்தவன். ஆடி பதினெட்டில் ஆற்றில் புதுத்தண்ணீர் வரும், பெண்கள் கரைக்கு வந்து மாவிளக்கு வைத்து, வாழை மட்டையில் அகல் ஏற்றித் தண்ணீரில் விடுவார்கள் என்பது எங்கள் தெருக் குழந்தைக்கும் தெரியும்.

"இந்த வருசம் நான் கட்டாயம் விளக்கு விடணும் அண்ணே. காவேரி அம்மாகிட்ட வேண்டினது கிடைச்சிருக்கு. நாள் மட்டும் தப்பிடக் கூடாது. கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க."

"எங்க தெருவுல கோயில் இருக்கும்மா. கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

ஏரியில் விளக்குக் காட்டக் கூடாது என்று அப்போது உத்தரவு. காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்ட்காரர்களுக்குச் சைகை என்பார்கள். அது சேதுபதிக்கும் அரைகுறையாகத் தெரியும். "நாலு அகல் தானே, மஃரிபு நேரத்துல, பொழுது சாஞ்சதும் விட்டுட்டு உள்ள போயிடுங்க, யார் பார்க்கப் போறா" என்று நான்தான் தைரியம் சொன்னேன்.

கோயிலில் நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை, நாள் எனக்கே தெரியும். அந்த வருஷம் ஆடி பதினெட்டு வந்த வாரத்தில் ராணுவப் போலீஸ் ஜாசின் பக்கம் அலைந்துகொண்டிருந்தது. அடுத்த வாரம் புதன்கிழமைதான் ஆயர் குரோ சாலை வழியாகத் திரும்பும். எனவே ஆடி பதினெட்டு அடுத்த வாரம் புதன்கிழமை என்று பொன்னம்மாவிடம் சொன்னேன். அவள் முகம் மலர்ந்துபோயிற்று. நல்லவேளை கேட்டேன், நான் இந்த வாரம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன் என்றாள். பெண்களுக்குச் சில விஷயங்கள் உடம்பிலேயே தெரியும் போலிருக்கிறது. ஆனால் அவர்கள் நம்பிக்கையான மனிதர் சொல்வதைத்தான் கேட்பார்கள்.

இப்போது தோணிகளுக்கு வருகிறேன். நீங்கள் அதற்காகத்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

செவ்வாய்க்கிழமை போய் இரண்டு தோணியையும் ஒழுங்கு செய்தேன். பெரிய இடத்து விருந்தாளி வருமுன் எதையும் சரிபார்த்து வைப்பது என் வழக்கம். கயாக்கை மடிக்கலாம். மடித்துச் சைக்கிளில் கட்டி என் வீட்டுக்கு எடுத்துவந்தேன். துணி கிழிந்திருக்கிறது, தைத்துத் தருகிறேன் என்று சேதுபதியிடம் சொன்னேன். அது இப்போதும் காஜா பெராங்கில் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. துரை ஆளனுப்பி எடுத்துக்கொள்ளலாம். துணி கிழியவேயில்லை. துடுப்புகளுக்கு மெருகு பூச வேண்டும் என்று சொல்லி அவற்றையும் எடுத்துக்கொண்டேன். கனூவின் அடியில் பலகை இடுக்குகளை அடைத்திருந்த பஞ்சும் குங்கிலியமும் பழசாகியிருந்தன. சேதுபதி கொல்லைப்பக்கம் போயிருந்தபோது அதையெல்லாம் சுரண்டி எடுத்தேன். பழைய அடைப்பை எடுக்காமல் புதிய அடைப்பு வைக்க முடியாது. எந்தத் தச்சனையும் கேட்டுப் பாருங்கள். புதிய அடைப்பு வைக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இல்லை, அப்படி எழுத வேண்டாம். தண்ணீர் வழியாக ஒருவரும் எதிர்க்கரைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவும் சுரண்டினேன். இரண்டும் உண்மை. எதிர்க்கரையில் காடு. அதில் நுழைந்துவிட்டால் வேலை பாதியில் நிற்கும்.

புதன்கிழமை ராணுவப் போலீஸை வழியிலேயே பார்த்தேன். ஏரியில் யாரோ விளக்குக் காட்டுகிறார்கள் என்று சொன்னேன். காட்டத்தான் போகிறார்கள். வழிகாட்ட என்னையும் கூட்டிக்கொண்டார்கள்.

நாங்கள் போய்ச் சேரும்போது சூரியன் மறைந்து வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஏரி அசையாமல் கிடந்தது. தோணி விடுவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. பொன்னம்மா படித்துறையில் மஞ்சள் பூசிய முகத்தோடு நின்றாள். சேதுபதி முழங்கால் தண்ணீரில் இறங்கி, அவள் கொடுத்த மட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். நான் நாலு அகல் என்று சொல்லியிருந்தேன். அவர்கள் நிறைய ஏற்றிவிட்டார்கள். எண்ணெய் கிடைக்காத காலத்தில் எங்கே பிடித்தார்களோ. அழகாக இருந்தது என்பதை நான் மறைக்க மாட்டேன். ஒரு நொடி, பேசாமல் இருந்துவிடலாமா என்றுகூட இருந்தது.

சேதுபதி முதலில் இங்கிலீஷில் சொன்னார். அடித்தார்கள். மலாயில் சொன்னார். அப்புறம் கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டார். அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் என்னவென்று சொல்ல. இனிமேல் பயமில்லை என்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

"நானா, நீங்க சொல்லுங்க நானா. இன்னைக்கு ஆடி பதினெட்டுன்னு சொல்லுங்க. சாமி கும்பிடுறோம்னு சொல்லுங்க."

போலீஸோடு வந்த மொழிபெயர்ப்பாளன் என் பக்கம் திரும்பினான். இன்றைக்கு இந்துக்களுக்கு ஏதாவது ஹரி ராயா, பண்டிகை நாள் உண்டா என்று மலாயில் கேட்டான்.

இல்லை என்றேன்.

இதில் பொய் எங்கே இருக்கிறது? அன்றைக்கு ஆடி பதினெட்டு இல்லை. எந்தப் பஞ்சாங்கத்தை வேண்டுமானாலும் வரவழைத்துப் பாருங்கள். நான் போலீஸிடம் பொய் சொன்னவன் என்று ஒருவரும் என்மேல் விரல் நீட்ட முடியாது. அந்தப் பதிலுக்காகத்தான் நாளை மாற்றிச் சொன்னேனா என்று கேட்கிறீர்கள். புதன்கிழமைதான் போலீஸ் வருகிறது என்பதற்காக மாற்றினேன். இந்த வசதியும் அதில் இருப்பது தெரிந்தபோது எனக்குத் திருப்தியாக இருந்தது. நான் ஐந்து வேளை தொழுகிறவன், பொய்சாட்சி சொல்ல மாட்டேன்.

சேதுபதியைக் கட்டிக்கொண்டிருக்கும்போது பொன்னம்மா கரையில் ஏற்றிக் கட்டியிருந்த கனூவை அவிழ்த்துத் தண்ணீரில் தள்ளி ஏறிவிட்டாள். துடுப்பு இல்லை. பூசைத் தாம்பாளத்தை வைத்துத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போனாள். சுட வேண்டாம், ஒன்றும் ஆகாது என்று நானே மொழிபெயர்ப்பாளனிடம் சொன்னேன். அதற்காக எனக்கு ஒருவரும் நன்றி சொல்லவில்லை. விளக்குகள் மிதந்த இடம் வரைக்கும் போயிருப்பாள். தோணி மெல்ல மெல்லத் தாழ்ந்தது. அவள் கத்தவில்லை. ஒரே ஒரு தடவை கரையைப் பார்த்து அண்ணே என்று கூப்பிட்டாள். சேதுபதிதான் கத்தினார்.

காவேரிக் கரையில் பிறந்தவளுக்கு நீந்தத் தெரியாதா என்று உங்கள் முகம் கேட்கிறது. தெரியும். கெட்டிக்காரி. ஆனால் அப்போது அவளுக்கு நிறைமாதம். விளக்கு விட்டதே அந்த வேண்டுதலுக்குத்தான், கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து.

ஆக, துரையின் கனூ படித்துறைக்கு நேரே, அல்லிக்கொடிகளைத் தாண்டி, அடியில் கிடக்கிறது. ஆள் இறக்கினால் எடுத்துவிடலாம். கூடவே வேறு ஏதாவது வந்தால் இறக்குகிறவர்கள் பயந்துவிடக் கூடாது, முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சேதுபதியைச் சயாமுக்கு அனுப்பியதாகக் கேள்வி. திரும்பியவர்களில் அவர் இல்லை.

மொரிதாவின் விடுமுறையைச் சொல்லவில்லையே. வந்தார். ஒரே ஒரு தடவை. அன்றைக்கென்று மழை பிடித்துக்கொண்டது. வராந்தாவில் உட்கார்ந்து கொசுவை அடித்துக்கொண்டிருந்தார். கயாக்கை எடுத்து வரட்டுமா என்றேன், வேண்டாம் என்றார். அந்த வீட்டில் இருந்தவர்கள் எங்கே என்று கேட்டார். காலி செய்துவிட்டார்கள் என்றேன். புக்கிட் ரம்பாய் வீடு தனக்குப் பிடித்திருந்தது என்றார். அடுத்த மாதம் அவரைச் சுமத்ராவுக்கு மாற்றிவிட்டார்கள். சில வாடிக்கையாளர்களுக்கு என்ன செய்து கொடுத்தாலும் போதாது.

அப்புறம் அந்த வீடு சும்மா கிடந்தது. பூட்டிப் போட்டால் கரையான் தின்றுவிடும். யாராவது இருந்தாக வேண்டும். நான் குடி போனேன். துரையின் நாற்காலியில் உட்கார்ந்தேன், துரையின் கட்டிலில் படுத்தேன். சேதுபதிக்கு வராத துணிச்சல் எனக்கு வந்தது. சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்தால் நடுவில் ஒருவரும் இல்லாமல் ஏரி முழுசாகத் தெரியும். என் வாழ்க்கையில் நான் ஆசைப்பட்டது அந்த ஒன்றைத்தான் என்று அப்போது புரிந்தது. யாருக்காக அந்த வீட்டைப் பிடித்தேன் என்று நீங்கள் கேட்டால், இப்போது நான் மொரிதாவுக்காக என்று சொல்ல மாட்டேன்.

என் மனைவி நஜ்முன்னிசாவையும் அழைத்துப் போனேன். அவள் பின்கட்டு அறையைப் பார்த்தாள். சுருட்டி வைத்த பாயைப் பார்த்தாள். கொடியில் காய்ந்த சேலையைப் பார்த்தாள்.

"பொன்னம்மா எங்கங்க?"

"ஊருக்குப் போயிட்டாங்க."

"கப்பலே இல்லாத காலத்துல எந்த ஊருக்குப் போனாங்க?"

நான் சாமான் இறக்கப் போய்விட்டேன். தொழுகைக்குமுன் கைகால் முகம் கழுவி ஒளு செய்ய வேண்டுமே, அதற்கு ஏரித் தண்ணீரைத் தொட மாட்டேன் என்றாள். கூரையிலிருந்து வழிகிற மழைத் தண்ணீரைச் சாடியில் பிடித்து அதில் செய்தாள். மழை பெய்யாத ஒரு நாள், மூட்டையைக் கட்டிக்கொண்டு காஜா பெராங்குக்கு நடந்தே போய்விட்டாள். இன்றுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

சட்டம் தெரியாமல் பேசக்கூடாது என்று நான் தெங்கேராவில் மார்க்கம் படித்த ஒரு லெப்பையிடம் போய்க் கேட்டேன். பெரிய ஏரி, அதில் ஓர் ஆடு விழுந்து செத்துப் போயிற்று, எடுக்க முடியவில்லை, அந்தத் தண்ணீரில் ஒளு செய்தால் கூடுமா என்று கேட்டேன். ஆடு என்றுதான் சொன்னேன். அவர் கிதாபைக்கூடப் புரட்டவில்லை. "அவ்வளவு பெரிய தண்ணிக்கு ஒண்ணும் ஆவாது தம்பி. நெறமோ ருசியோ வாடையோ மாறாத வரைக்கும் அது சுத்தம்தான்" என்றார். இதை நஜ்முன்னிசாவிடம் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினேன். பதில் வரவில்லை. பெண்களுக்கு மார்க்க விஷயம் எடுத்துச் சொன்னால் ஏறுவதில்லை.

எனக்கு அதில் சந்தேகமே கிடையாது. நான் நிம்மதியாக இருக்கிறேன், நன்றாகத் தூங்குகிறேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். விடியுமுன் பாங்கு நேரத்துக்குப் படித்துறையில் இறங்கி, முதல் வேலையாக ஒரு கை தண்ணீரை அள்ளி முகர்ந்து பார்ப்பேன். வாயில் வைத்துப் பார்ப்பேன். இரண்டு வருஷமாக ஒரு நாளும் விட்டதில்லை. ருசி மாறவில்லை. இன்று காலையிலும் பார்த்தேன், மாறவில்லை.

நாளைக்குக் காலையில் என்னை வெளியே விட மாட்டீர்கள், எனக்காக யாராவது போய்த் தண்ணீரைப் பார்க்க வேண்டும், ஐயா.